ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் மூன்றில் இரண்டு பங்கு குளுக்கோஸ். எதற்காக?

வைகைக்கரை எழுதியது:

போன மாதம் என் சின்ன மகளுக்கு (நாலு வயது) இரண்டு நாள் கடுமையான வயிற்றுப்போக்கு. டாக்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கலக்கப் போனபோது என் மாமியார் தடுத்துவிட்டார்கள். "பேதியாகிற பிள்ளைக்கு இனிப்பு கொடுத்தால் இன்னும் போகும், உப்புத் தண்ணியும் மோரும் போதும்" என்றார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள், எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. அரை நாள் அப்படியே கொடுத்தேன். பிள்ளை துவண்டு போனதும் பயந்துபோய்ப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன்.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கம் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. மொத்தம் 20.5 கிராம். உப்புக் கரைசல் என்று சொல்கிறார்கள், உள்ளே மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதானே இருக்கிறது? தெம்புக்காகவா, பிள்ளைகள் துப்பாமல் குடிக்கட்டும் என்றா? பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெரியவன், "அம்மா, தண்ணீர் சவ்வூடு பரவலில் தானாகக் குடலுக்குள் போகும், சர்க்கரைக்கு அங்கே வேலையே இல்லை" என்கிறான். பாட்டியும் பேரனும் ஒரே கட்சி. யார் சரி?

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

அம்மா, முப்பது வருடம் பிளஸ் ஒன் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தவன் நான். உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. மாமியார் சொன்னதிலும் பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சவ்வு.

செல் சவ்வு என்பது எண்ணெய்ச் சுவர் மாதிரி. சுமார் 7 நானோமீட்டர் தடிமன், இரண்டு அடுக்குக் கொழுப்பு. 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்மேல் பரப்பிப் பார்த்தார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. அப்படித்தான் இரண்டு அடுக்கு என்று தெரிந்தது. எண்ணெயில் கரையக்கூடியது எதுவும் இந்தச் சுவரைத் தாண்டிவிடும். ஆக்சிஜன் தாண்டும், கார்பன் டை ஆக்சைடு தாண்டும். சோடியம் அயனியால் முடியாது. அதற்கு மின்சுமை இருக்கிறது, தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எண்ணெய்க்குள் அதற்கு இடமே கிடையாது. குளுக்கோஸும் அப்படித்தான். தண்ணீரில் நன்றாகக் கரையும், எண்ணெய்ப் பக்கம் போகாது.

தண்ணீருக்கென்று சொந்தப் புத்தி இல்லை. கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். பள்ளியில் நான் வருடாவருடம் செய்து காட்டுவது இது: ஒரு முட்டையை இரண்டு நாள் வினிகரில் போட்டு வைத்தால் ஓடு கரைந்து, உள்ளே இருக்கிற சவ்வோடு முட்டை மட்டும் நிற்கும். கையில் எடுத்தால் நடுங்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு நிழலாடும். அதைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு வெறும் தண்ணீரில் போடுவோம். மறுநாள் உப்பிப் பளபளவென்று இருக்கும், எடை கூடியிருக்கும். பிறகு அதையே கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால், அடுத்த நாள் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கும். அது முட்டை ஓட்டின் உள்சவ்வுதான், செல் சவ்வு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். விதி ஒன்றுதான்.

இதைக் குடலுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் குடலை விட்டு ரத்தத்துக்குள் வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் உப்பு வந்தாக வேண்டும். உப்பு எப்படி வரும்? சுவர்தான் எண்ணெயாயிற்றே. உங்கள் மகன் யோசிக்காமல் விட்டது இந்த இடம்.

---

பனங்காட்டான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்களுடைய பாடப்புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர், செல்லைக் கலம் என்போம். இந்தியப் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் குழம்ப வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன். பிரசாரணமும் சவ்வூடு பரவலும் ஒன்றுதான்.

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தண்ணீரும் அந்தக் கொழுப்புச் சுவரைக் கஷ்டப்பட்டு மெதுவாகத்தான் தாண்டும். சிவப்பணுவும் சிறுநீரகமும் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் தண்ணீரைக் கடத்துவதால், தனியாக ஒரு வாசல் இருக்க வேண்டுமென்று பலர் நெடுங்காலம் சந்தேகப்பட்டார்கள். 1992-இல் பீட்டர் ஏக்ரேயின் குழு அந்த வாசலைப் பிடித்தது. அக்குவாபோரின். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகிற குழல், ஒரு குழலில் நொடிக்குச் சுமார் 300 கோடி. அவ்வளவு தண்ணீர் போகிற வழியில் ஒரு புரோட்டான்கூட நழுவ முடியாது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னம் படித்த எங்களுக்கு இதையெல்லாம் ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தேடிப் படித்தபோது அன்றிரவு நித்திரை வரவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். சுவரெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் நடுராத்திரி ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது, அழுதால் கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே போகாமல் நின்றது. ஆனால் டம்ளரைக் காட்டினதும் தலையைத் தூக்கி எட்டிப் பிடிக்கப் பார்த்தது. குடிக்கிற நிலைமையில் இருக்கிற குழந்தைக்கு ஊசி வேண்டாம், வாய் வழியே கொடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் கொடுத்தேன். ஒரு ஸ்பூன், கொஞ்சம் நிறுத்தம், இன்னொரு ஸ்பூன். ஒரு தடவை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடியும் இன்னும் மெதுவாக. நாலு மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதபோது கன்னத்தில் ஈரம் இறங்கியது. அந்தத் தாய் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிவதற்குள் துணி நனைந்தது, சிறுநீர் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரையே மணிக்கணக்காகக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு குடித்தாலும் நிற்கவில்லை சிஸ்டர்" என்று வருகிறவர்கள் நிறைய. தண்ணீர் கொஞ்சம் சேரும், போன உப்பு சேராது. ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போய் வலிப்பு வந்த குழந்தையையும் பார்த்திருக்கிறேன். வைகைக்கரை அக்கா, நீங்கள் அரை நாளில் பொட்டலத்தைப் பிரித்தது நல்லதாயிற்று.

---

கூழாங்கல் எழுதியது:

சரி, உப்பு போனால் தண்ணீர் போகும். அப்படியானால் உப்பு மட்டும் போதுமே? சர்க்கரை எங்கே வந்தது? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

சிறுகுடல் செல்லின் உட்குழி பார்த்த பக்கத்தில் எஸ்.ஜி.எல்.டி.1 என்று ஒரு புரதம் சவ்வுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு விசித்திரமான கதவு. இரண்டு சோடியம் வந்து ஒட்ட வேண்டும், அதோடு ஒரு குளுக்கோஸும் ஒட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகு புரதம் வடிவத்தை மாற்றி மூன்றையும் உள்ளே இறக்கிவிடும். சோடியம் மட்டும் வந்தால் கதவு வேலை செய்யாது, குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் செய்யாது.

அதாவது உங்கள் பொட்டலத்தில் குளுக்கோஸ் தெம்புக்காக இல்லை அம்மா, ருசிக்காகவும் இல்லை. அது உப்புக்குக் கூட்டாளி. ஒரு லிட்டரில் சோடியமும் குளுக்கோஸும் ஆளுக்கு 75 மில்லிமோல் (எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்கிற அளவு) வருகிற மாதிரி அளந்து வைத்திருக்கிறார்கள். 13.5 கிராம் என்பது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், குளுக்கோஸ் மூலக்கூறு கனமானது. எண்ணிக்கையில் எண்ணிப் பார்த்தால் இரண்டும் சமம்.

உப்புக்கு வேறு வழிகளும் குடலில் உண்டு. ஆனால் காலரா மாதிரி நோயில் அவை அடைபட்டுப் போகும். காலரா நச்சு செல்லுக்குள் போய்க் குளோரைடு வாசலைத் திறந்து போட்டுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியம் பின்னால் ஓடும், தண்ணீர் அதன் பின்னால். கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். இதில் நாம் பிழைத்த இடம் என்னவென்றால், அந்த நச்சு எஸ்.ஜி.எல்.டி.1-ஐத் தொடுவதில்லை. வீடு முழுக்க ஒழுகினாலும் அந்த ஒரு கதவு நன்றாகவே திறக்கும்.

---

கூழாங்கல் எழுதியது:

புரிகிறது ஐயா. ஆனால் சோடியம் ஏன் உள்ளே போக விரும்ப வேண்டும்? வெளியே அதிகம் உள்ளே குறைவு என்றால், போய்ப் போய் ஒரு நாள் இரண்டு பக்கமும் சமமாகிவிடாதா? அதோடு கதவு நின்றுவிட வேண்டுமே.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

நின்றுவிடும், பின்பக்கம் ஒருவர் ஓயாமல் இறைக்காவிட்டால்.

செல்லின் ரத்தம் பார்த்த பக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்பு இருக்கிறது. செல்லுக்கு எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957-இல் டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கௌ நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வந்தது நாற்பது வருடம் கழித்து, 1997-இல். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கிற ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது. இதனால்தான் செல்லுக்கு வெளியே சோடியம் 140 மில்லிமோல் இருக்கும்போது உள்ளே 10, 15-தான் இருக்கிறது.

வகுப்பில் மொட்டைமாடித் தொட்டியைச் சொல்லித்தான் புரிய வைப்பேன். ராத்திரி சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அப்போது மோட்டார் ஓடவில்லை. காலையில் மோட்டார் ஓடி மேலே ஏற்றி வைத்ததால் வருகிறது. எஸ்.ஜி.எல்.டி.1 அந்தக் குழாய். அது நேராக ஏ.டி.பி. எதையும் தொடுவதில்லை. பம்பு ஏற்றி வைத்த சரிவில் சோடியம் இறங்குகிறது, இறங்கும்போது கையைப் பிடித்துக் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது. குளுக்கோஸ் உள்ளே ஏற்கெனவே அதிகம் இருந்தாலும் சரி, இழுத்துவிடும். இதை இரண்டாம் நிலைச் செயல்மிகு கடத்தல் என்பார்கள்.

பின்பக்கத்தில் பம்பு சோடியத்தைத் தள்ளத் தள்ள, செல்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் உப்பு கூடும். முட்டைக் கதைதான், தண்ணீர் அங்கே ஓடும், ரத்தக்குழாய்க்குள் சேரும். நல்ல உடம்பில் நாம் குடிப்பதும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம் எல்லாமும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. வெளியே போவது ஒரு டம்ளர் அளவு. மீதி எல்லாம் இப்படித் திரும்பி வந்துவிடுகிறது.

---

பனங்காட்டான் எழுதியது:

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. அதில் வங்காளத்துக்கு நிறையப் பங்கு உண்டு.

1953-இலேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி காலரா நோயாளிகளுக்கு வாய் வழியே குளுக்கோஸும் உப்பும் கலந்து கொடுத்துக் குணப்படுத்தி எழுதினார். ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அப்போது விளக்கம் இல்லை, ஆகவே பெரிதாக ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1959-இல் அதே நகரத்தில் சம்புநாத் டே, முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டிவைத்துச் சோதித்து, காலரா கிருமி சுரக்கிற நச்சுத்தான் தண்ணீரைக் கொட்ட வைக்கிறது என்று நிறுவினார். அடுத்த வருடம், 1960 ஆகஸ்டில், பிராக் நகரத்தில் நடந்த கூட்டம் ஒன்றில் ராபர்ட் கிரேன் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து சவ்வைத் தாண்டுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அவர் நினைத்தது சர்க்கரை எப்படிப் போகிறது என்பதை. அதைத் திருப்பிப் போட்டால் உப்பையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுவரலாம் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளுக்குக் கொடுத்து, சலைன் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள்.

பிறகு 1971. கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் இருக்கிற போங்காவ் மருத்துவமனையில் காலரா. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள், நரம்பில் ஏற்றச் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹாலநபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கல்கத்தாவில் அளந்து பையில் போட்டு அனுப்ப வைத்து, அங்கே பீப்பாயில் கரைத்து, உறவினர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை எட்டிய இறப்பு, 3.6 சதவீதத்துக்கு வந்தது. 2022-இல் அவர் காலமானார், அடுத்த வருடம்தான் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். முகாமிலிருந்து வந்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். சலைன் போத்தல் இல்லாத ஓர் இடத்தில் ஒரு தாயின் கையில் டம்ளரைக் கொடுக்கிற துணிவு எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகனிடமும் காட்டினேன், அவன் அந்தக் கதவை நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறான்.

ஆனால் என் மாமியார் சொன்னதில் பாதி சரி என்றீர்களே ஐயா? அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. பாட்டில் ஜூஸ் கொடுத்து என் நாத்தனார் பிள்ளைக்குப் பேதி அதிகமானதை நானே பார்த்தேன்.

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

அவர்கள் பார்த்தது உண்மை. முட்டையைச் சர்க்கரைப் பாகில் போட்டோம் இல்லையா, அதுதான் நடக்கிறது. கதவு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் உள்ளே விடும். அதற்கு மேல் சர்க்கரை குடலில் தேங்கினால், ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். பேதி கூடும்.

உலக சுகாதார நிறுவனமே இதில் ஒரு முறை அளவைத் திருத்தியிருக்கிறது. பழைய கரைசலின் சவ்வூடு செறிவு (கரைந்திருக்கிற எல்லாத் துகள்களின் மொத்த அளவு) லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல், அதாவது ரத்தத்தைவிடச் சற்று அதிகம் (ரத்தம் 285-லிருந்து 295 வரை இருக்கும்). குளுக்கோஸ் அதில் 111 மில்லிமோல், சோடியம் 90. 2002-இல் மொத்தத்தை 245-க்குக் குறைத்தார்கள். வாந்தியும் போக்கும் குறைந்தன, சலைன் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. உங்கள் பொட்டலத்தில் இருப்பது இந்தப் புதிய அளவு. மாமியாரிடம் சொல்லுங்கள், இனிப்பு அதிகமானால் போகும் என்று அவர்கள் கண்டது சரி, அளந்த இனிப்பு மட்டும் உப்பைக் கூட்டிக்கொண்டு வரும் என்று.

அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி. அரிதாகச் சில குழந்தைகள் எஸ்.ஜி.எல்.டி.1 பழுதாகவே பிறக்கிறார்கள். தாய்ப்பால் குடித்த சில நாளிலேயே கடுமையான பேதி வரும். பால் சர்க்கரை உடைந்து வருகிற குளுக்கோஸும் காலக்டோஸும் நுழைய வழியில்லாமல் தேங்கிவிடும். அவர்களுக்கு ஃப்ரக்டோஸ் கலந்த உணவு கொடுத்தால் நின்றுவிடும், ஏனென்றால் ஃப்ரக்டோஸ் வேறு கதவு வழியாகப் போகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

ஜூஸ் விஷயத்தில் எனக்கு நிறைய ஆதங்கம் உண்டு. பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டு, உள்ளே சர்க்கரை நிறைந்த பானத்தை விற்றார்கள். கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுப்பார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. பின்பக்கம் படித்துப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இளநீரைப் பற்றியும் கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. பொட்டலத்துக்குப் பதில் ஆகாது. உப்புப் போட்ட கஞ்சி நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக உடையும், ஒரேயடியாகத் தேங்காது. அரிசியை வைத்தே ஓ.ஆர்.எஸ். செய்து காலராவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், போக்கு குறைந்திருக்கிறது.

---

மேட்டுத்தெரு எழுதியது:

நான் சர்க்கரை நோயாளி. டாபாக்லிஃப்ளோசின் சாப்பிடுகிறேன், சிறுநீரில் சர்க்கரை போகும் என்றார் டாக்டர். எஸ்.ஜி.எல்.டி. என்ற பெயரை அந்தச் சீட்டில் பார்த்த ஞாபகம். இரண்டும் சொந்தமா?

---

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

அண்ணன் தம்பி. உங்கள் மாத்திரை அடைப்பது எஸ்.ஜி.எல்.டி.2-ஐ, அது சிறுநீரகத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் 90 சதவீதம் அந்தக் கதவு வழியாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கதவைச் சாத்தினால் ஒரு பகுதி வெளியே போகும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். இதன் மூலமருந்து 1835-இல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்த ஃப்ளோரிசின். ஒன்று மட்டும்: உங்களுக்கு வாந்தியோ பேதியோ வந்தால் அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

மாமியாரிடம் சொன்னேன். முட்டைக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்னது ஜூஸுக்கு" என்றார்கள். பிறகு அவர்களே கேட்டார்கள், எவ்வளவு தண்ணிக்கு ஒரு பொட்டலம் என்று. நான் அன்றைக்குப் பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலந்தேன். அது தப்பா?

---

இரவுப்பணி எழுதியது:

தப்புதான் அக்கா, ரொம்பக் கெட்டியாகிவிடும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. எதுவானாலும் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவை போட்டுவிடுங்கள். பாதி போட்டால் உள்ளே உப்பும் குளுக்கோஸும் ஒரே அளவில் விழும் என்று சொல்ல முடியாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கலக்கி 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காத ஊரில் இருந்தால், ஒரு லிட்டருக்குத் தலை தட்டின டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. வீட்டுச் சர்க்கரை குடல் சுவரில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடையும், அதனால் வேலை செய்யும். உப்பு மட்டும் கூடிவிடவே கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து உங்கள் வீட்டுச் சொம்பில் ஊற்றி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துவிடுங்கள். எங்கள் வார்டை விட்டுப் போகிற அம்மாக்களிடம் நான் சொல்லி அனுப்புவது இதுதான்.